இரண்டு லிட்டர்கூடக் கறக்காத மாட்டை ஏன் விற்க மாட்டேன் என்கிறார்கள்?

கேள்வி: 2025 ஜூன் 21

வேலை பெங்களூரு வைட்ஃபீல்டில். மனைவிக்கு ஊர் கோபி பக்கம். மாமனார் கட்டுத்தரையில் நாட்டு மாடு இரண்டு நிற்கிறது. இரண்டும் சேர்ந்து நாளைக்கு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். தீவனம், சோளத்தட்டு, அவருடைய உழைப்பு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். கடையில் வாங்குகிற பாலைவிட மூன்று மடங்கு விலை ஆகிறது. விற்றுவிடுங்கள் மாமா என்றால் சிரிக்கிறார். பாசமா, பழக்கமா? கிராமத்திலும் மலையிலும் எதற்காக இப்படி நஷ்டத்துக்கு மாடு வைத்திருக்கிறார்கள்?

ஜூன் 22, காலை 7.10

உங்கள் கணக்கில் சாணியைக் காணோம். அதைச் சேர்த்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். மாமனார் மஞ்சள் போடுகிறவராக இருந்தால் அவருடைய எருக்குழியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, மீதி இரவில்.

ஜூன் 22, இரவு 11.00

நான் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். பெங்களூரு வந்து 22 வருடம் ஆகிறது. சொந்த ஊர் அந்தியூர் பக்கம், பர்கூர் மலை அடிவாரம். அதனால் இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் மலையிலிருந்துதான் தொடங்கும்.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மஞ்சள் வைக்கிற வருடமெல்லாம் மாசி பங்குனியில் எருவுக்கு மலை ஏறுவார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். தாமரைக்கரை தாண்டி, காட்டுக்குள் நல்ல நடை. பட்டி என்றால் முள்ளும் மரக்கிளையும் வைத்து வளைத்த வேலி, அவ்வளவுதான். உள்ளே நூறு மாட்டுக்கு மேல். எல்லாம் செம்மறை, சிவப்பில் வெள்ளை திட்டுத்திட்டாக. கன்றுகளுக்குத் தனி அடைப்பு. தரை முழுக்க வருடக்கணக்கில் மிதிபட்டுத் தூளான சாணி. காலை வைத்தால் மெத்தென்று இறங்கும்.

பொழுது சாயும்போது மாடுகள் தானாக வந்தன. கன்றுகள் கத்த ஆரம்பித்ததும் ஒவ்வொரு தாயும் தன் கன்றிருக்கும் பக்கம் போய் நின்றது. நூறு மாட்டில் ஒன்றுகூட மாறவில்லை. மேய்க்கிறவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, 'பா, பா' என்று அழைத்தார். நான் கேட்ட முதல் கன்னடம் அதுதான். பர்கூர் மாடு புது ஆளைக் கிட்டே விடாது. நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவரிடம் மட்டும் கழுத்தை நீட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றது.

காப்பிக்கு மட்டும் கொஞ்சம் கறந்தார். மீதி கன்றுக்கு. அப்புச்சிக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு லோட்டா பால் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் சாணிக்கு விலை பேச உட்கார்ந்தார்கள். உச்சிவெயில் வரை பேச்சு முடியவில்லை. அப்புச்சி இரண்டு முறை எழுந்து போவதுபோல் போய்த் திரும்பி வந்தார்.

அன்றைக்குப் பாலுக்கு விலையே இல்லை, பேரமெல்லாம் சாணிக்குத்தான். நீங்கள் பாலை மட்டும் எழுதிக் கூட்டியதைப் படித்ததும் அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 24

இரண்டு பேர் ஒரே சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி தாண்டிச் சென்னை சாலையில் பஸ் போகுமே, அந்தப் பர்கூர் அல்ல. இது ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை. அந்தியூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, கர்கேகண்டியில் எல்லை தாண்டினால் கொள்ளேகால் பக்கம் இறங்கலாம். பெங்களூரிலிருந்து ஊருக்கு நான் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போவேன். நேரம் கூடுதல்தான், ஆனால் தட்டக்கரை பக்கம் மாலையில் மாடுகள் சாலையைக் கடக்கும். அதற்காகவே.

ஜூன் 28

நேற்றிலிருந்து மனம் சரியில்லை. மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். புலி அடித்த மாட்டின் உடலில் யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள். எங்கள் மலைக்கு எல்லை தாண்டி அடுத்த காடு அது.

இந்த இழையில் ஒருவர், "இதுதான் உங்கள் மாடு வளர்க்கிறவர்களின் லட்சணம்" என்று எழுதியிருந்தார். செய்தது கொடுமை, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் யாரோ செய்ததை மலை முழுக்க ஏற்றாதீர்கள். எனக்குத் தெரிந்த பட்டிக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று மாட்டைச் சிறுத்தைக்கும் புலிக்கும் இழந்துவிட்டு, "அதுக்கும் பசிக்கும்" என்று சொல்லிக் கற்பூரம் காட்டுகிறவர்கள். மாதேஸ்வரனே புலிமேல் ஏறி வருகிற சாமி. அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் அவர்கள்.

ஜூன் 29

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "அதுக்கும் பசிக்கும்" என்று சொல்பவர்களும் மாட்டை இழந்த அன்றைக்கு அப்படிச் சொல்வதில்லை. பத்து நாள் கழித்துத்தான் சொல்வார்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பத்து நாளை நான் விட்டுவிட்டேன். இழப்பீடு என்று மனு எழுதி, படம் எடுத்து, டாக்டர் சான்று வாங்கி, அலைந்து, பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். காடு காப்பாற்றப்பட வேண்டுமென்றால் அந்தப் பணம் மாடு செத்த வாரத்திலேயே கைக்கு வர வேண்டும். எனக்குத் தோன்றுகிற ஒரே வழி இதுதான்.

ஜூலை 3

சரி, சீமை மாடு. "நாட்டு மாட்டை விட்டுவிட்டுக் கலப்பினம் வாங்கினால் ஆயிற்று" என்கிற நண்பருக்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அப்பா கடன் வாங்கி ஒரு கலப்பின மாடு பிடித்து வந்தார். வேளைக்கு ஐந்து லிட்டர். முதல் வருடம் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாவது கோடையில் நாக்கைத் தள்ளிக்கொண்டு இளைக்க ஆரம்பித்தது. சாக்கை நனைத்து முதுகில் போடுவோம். பிறகு மடிநோய். ஒரு காம்பு போயிற்று. அதன்பின் கோமாரி. மூன்றாவது சித்திரையில் செத்துப்போனது. கடன் மட்டும் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடமும் அதே கொட்டகையில் பக்கத்தில் நின்ற நாட்டு மாடு காய்ந்த சோளத்தட்டைத் தின்றுவிட்டுத் தெம்பாக ஏர் இழுத்துக்கொண்டிருந்தது.

ஜூலை 4

அம்மாவுக்கு மேலே உள்ளதைப் போனில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த பணம் எந்த மாட்டுப் பால் என்று எழுதினாயா?" என்று கேட்டார்.

எழுதவில்லை. அது சீமை மாட்டுப் பால்தான். சொசைட்டிப் பணம் வாராவாரம் வந்ததால்தான் அட்மிஷனுக்குக் கட்ட முடிந்தது. நேற்றைய குறிப்பை நீக்கவில்லை, ஆனால் இதையும் சேர்த்தே படியுங்கள். அந்த மாடு எங்களுக்குத் துரோகம் செய்யவில்லை. குளிரூருக்கு உண்டான ரத்தத்தை அந்தியூர் வெயிலில் கட்டிவைத்தோம், அது முடிந்தவரை கொடுத்துவிட்டுப் போனது.

ஜூலை 6

ஞாயிறு. ஆடுகோடி பக்கம் ஒரு வேலையாகப் போனேன். தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1923-ல் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது. 1927-ல் உடம்பு சரியில்லாமல் நந்தி மலையிலும் பெங்களூரிலும் ஓய்வெடுத்த காந்தி, இங்கே வந்து நாள்கணக்கில் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் தன்னைச் சபர்மதி விவசாயி என்று எழுதினாராம். மதில் ஓரமாக நடந்தபோது பால் வாசம் வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். பஸ் புகைதான் வந்தது.

ஜூலை 9

"மாடு சரி, ஆடு கோழியெல்லாம் எதற்கு, கறிக்குத்தானே?" என்று கேட்டவருக்கு.

கறிக்கு வளர்க்கிற வீட்டில் கறி தின்கிற நாள் வருடத்தில் நாலு இருக்காது. வெள்ளாடு என்பது பூட்டுப் போடாத பெட்டி. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் ஒரு கிடாய் போகும். ஆஸ்பத்திரி என்றால் ஒன்று. சீர் என்றால் இரண்டு. மாட்டை விற்கக் குடும்பமே கூடிப் பேசும். ஆட்டை அம்மா ஒருத்தியே முடிவுசெய்து சந்தைக்கு அனுப்பிவிடுவார், அப்பாவுக்குச் சாயந்திரம்தான் தெரியும். எங்கள் வீட்டில் அம்மாவின் கையில் புழங்கிய ஒரே பணம் ஆடும் முட்டையும் கொடுத்ததுதான்.

ஆடு வாங்கக் காசில்லாதவர்களுக்கு வாரம் என்கிற பங்கு முறை உண்டு. என் பெட்டைக் குட்டியை உன்னிடம் விடுவேன், நீ மேய்த்து வளர்ப்பாய், ஈனுகிற குட்டிகளில் உனக்குப் பாதி எனக்குப் பாதி. பத்திரம் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி அப்படி ஒரு குட்டியில் தொடங்கி, நான் பத்தாவது படிக்கும்போது இருபது உருப்படி வைத்திருந்தார். அதில் ஒன்று என் அக்காவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டில் பாதியைத் தின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை விட்டுவிட்டு நம் பக்கத்தை மட்டும் தின்றிருக்கிறது, சொந்த பந்தம் தெரிந்த ஆடு என்று பெரியப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கோழி பற்றி ஒன்றே ஒன்று. கூடையில் மணல் பரப்பி, இடிக்கு முட்டை கெடாது என்று நம்பி ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டு, பொழுதிறங்கிய பிறகு அடை வைப்பார்கள். 21-ஆம் நாள் குஞ்சு. நாட்டின் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் புறக்கடைக் கோழிகள் 31 கோடிக்கு மேல், அதற்கு முந்தைய 2012 கணக்கைவிட ஏறக்குறைய 46 சதவீதம் கூடுதல். இவ்வளவு பண்ணைக் கோழி வந்த பிறகும் கூடை காலியாகவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஜூலை 10

ஒரு திருத்தம். வார முறையில் எப்போதும் பாதிப்பாதி இல்லை என்று ஓசூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் ஈற்று வளர்ப்பவருக்கு, தாய் கடைசியில் உடையவருக்கு என்றும் சில ஊரில் பேசிக்கொள்வார்களாம். நான் சொன்னது எங்கள் ஊர் வழக்கம்.

ஜூலை 13

பழங்குடிகள் எல்லோரும் மாடு வளர்ப்பவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மலையில் பட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கன்னடம் பேசும் லிங்காயத்துகள். பக்கத்திலேயே வாழும் சோளகர்களுக்குத் தேனும் கிழங்கும் காடும்தான் முதலில், மாடு பிறகு.

தோடர்கள் அதற்கு நேர்மாறு. நீலகிரியில் எருமையைச் சுற்றித்தான் அவர்கள் வாழ்க்கையே. ஒவ்வொரு எருமைக்கும் பெயர் உண்டு. தாய்வழி சொல்லி அதன் பரம்பரையையே அடுக்குவார்கள். கறப்பது ஆண்கள் மட்டும். சில மந்தைகள் சாமிக்குரியவை, அவற்றின் பாலைக் கறந்து கடையவே தனிக் கோயில், தனிப் பூசாரி. நாம் கோயிலுக்குப் பால் கொண்டுபோகிறோம், அவர்களுக்குப் பால் கடைகிற இடமே கோயில். கறி தின்பதில்லை. அந்தக் காலத்தில் நெய்யைக் கொடுத்துப் படுகரிடம் தானியம், கோத்தரிடம் பானையும் இரும்பும் வாங்கினார்கள்.

நான்கு வருடம் முன்பு ஊட்டி போனபோது அவலாஞ்சிச் சாலையில் நாலைந்து எருமைகளைப் பார்த்தேன். கொம்பு பிறை மாதிரி அகல விரிந்திருந்தது. மேய்ப்பவர் யாரும் இல்லை. காரிலிருந்து இறங்கப் போனேன், முன்னால் நின்றது தலையைத் தாழ்த்தியது, கதவைச் சாத்திவிட்டேன். சுற்றிலும் சீகை மரம், கற்பூர மரம், தேயிலை. அவ்வளவும் ஒரு காலத்தில் புல்வெளி. புல்லை எடுத்துவிட்டு எருமை ஏன் குறைகிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஜூலை 15, காலை 6.30

பிரேசர் டவுனில் இப்போது ஒரு அம்மா கழுதையை ஓட்டிக்கொண்டு பால், பால் என்று குரல் கொடுத்துப் போகிறார். வாசலில் ஒரு பாட்டி பேரக்குழந்தையோடு காத்திருந்தார். அங்கேயே கறந்து சங்கில் புகட்டியாகிவிட்டது. நாட்டில் 2012-ல் 3.2 லட்சம் கழுதை இருந்தது, 2019-ல் 1.2 லட்சம். சலவைத் துணி சுமந்தது போயிற்று, செங்கல் சூளை போயிற்று. தர்மபுரி மாவட்டத்தில் சாலை இல்லாத மலைக் கிராமத்துக்கு 2024 தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதைதான் சுமந்துபோனது.

ஜூலை 19

சாணிக்குத் திரும்புகிறேன். பால் கணக்கு, சாணிக் கணக்கு இரண்டுக்கும் நடுவே நான் விட்டுவிட்ட ஒன்றைப் போன வாரம் சிரா பக்கம் வேலையாகப் போனபோது பார்த்தேன். கடலைக்காய் எடுத்த நிலத்தில் ஆடு மேய்க்கும் குறும்பர்கள் கறுப்புச் செம்மறிகளைக் கிடை போட்டிருந்தார்கள். இரவு முழுக்க ஆடுகள் அங்கே படுக்கும். புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். நிலத்துக்காரர் அதற்குத் தானியமோ காசோ கொடுப்பார். எருவை வண்டி கட்டி ஏற்றி இறைக்கிற வேலையே இல்லை, ஆடு தானே நடந்து போய்ப் போட்டுவிட்டு வருகிறது. ஆடு மேய்க்கும் நம் ராமநாதபுரம் கீதாரிகள் தஞ்சாவூர் வயலில் செய்வதும் இதுதான்.

கிழவர் ஒருவர் தோளில் கம்பளி. தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன், கழற்றிக் கையிலேயே கொடுத்துவிட்டார். சொரசொரவென்று விறைப்பாக இருந்தது. புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெய்வார்களாம், மழை உள்ளே இறங்காது என்றார். சள்ளகெரே சந்தையில் வாங்கியது, தன் அப்பாவுக்கு வாங்கியது என்றார். அந்தக் கம்பளிக்கு வயது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 24

கர்நாடக வனத்துறை அமைச்சர் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடுக்கச் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வரும் மாடுகளையும் குறிப்பிட்டிருக்கிறார். அதாவது எங்கள் மலை மாடுகள். சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் முதலில் எல்லாக் காட்டிலும் தடை என்றது, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2024 தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் காடு தந்தை பெரியார் சரணாலயம் ஆனது. வரிசையாக வைத்துப் பார்த்தால் பட்டிக்காரருக்கு எந்தப் பக்கமும் நகர இடமில்லை.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். மேய்க்கிறவர்களில் பலர் கூலி ஆள், மாடு கீழே பசையுள்ளவர்களுடையது. மாடு கூடினால் மானுக்குப் புல் குறையும். மாட்டு நோய் காட்டுக்குப் போகும். மறுக்கவில்லை. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமை என்று எழுதியிருக்கிறது. எந்தப் பட்டிக்கு எவ்வளவு மாடு, எந்தப் பக்கம், எந்த மாதம் என்று கிராம சபையில் உட்கார்ந்து பேசி முடிக்க முடியாத விஷயம் அல்ல இது. சாணிக்கே அரைநாள் பொறுமையாகப் பேசுகிறவர்கள்.

பர்கூர் மாட்டைக் காப்பாற்றத் துருசனாம்பாளையத்தில் அரசே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. நிலையத்தில் இருக்கிற மாடு இனத்தைக் காப்பாற்றும். மழையில் எந்தச் சரிவு வழுக்கும், எந்தப் பள்ளத்தில் சித்திரையில் தண்ணீர் நிற்கும் என்பது காட்டில் நடக்கிற மாட்டுக்குத்தான் தெரியும். தாய் போகிற வழியில் கன்று போய்க் கற்கிறது. ஒரு தலைமுறை கொட்டகையில் நின்றால் அது போய்விடும். எனக்குத் தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான்.

ஜூலை 26

கேள்வி கேட்ட வைட்ஃபீல்டு நண்பர் திரும்பி வந்துவிட்டார். சந்தோஷம். அவர் எழுதியதைச் சுருக்கமாக இங்கே வைக்கிறேன். எருக்குழியைப் பார்த்தாராம், மாமனார் எட்டு வருடமாக வெளியிலிருந்து எரு வாங்கவில்லையாம். அப்புறம் மாமனாரே ஒன்று கேட்டிருக்கிறார்: "உங்க கல்யாணத்துக்கு வளையல் எடுத்தது எதை வித்துன்னு உங்க வீட்டுக்காரியைக் கேளுங்க மாப்பிள்ளை." இந்த மாடுகள் போட்ட காளைக் கன்று ஒரு ஜோடி. அந்தியூர்ச் சந்தையில் விற்றது.

தம்பி, உங்கள் கணக்குத் தாளில் காளைக் கன்றுக்கு என்றும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கும் இந்த ஐந்து வாரமாக அது தோன்றவில்லை, சாணியிலேயே நின்றுவிட்டேன்.

ஜூலை 27

காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறு மாதத்தில் வெளுக்கும். அவர் அனுப்பிய படத்தில் கட்டுத்தரை ஓரம் நிற்கிறது சிவப்புக் கன்று. அதை நான் முதலில் பர்கூர்க் கலப்பு என்று நினைத்தேன். தாயைப் பார்த்த பிறகு தெளிவாகிவிட்டது, காங்கயம்தான். வேலியில் கிளுவையும் தெரிகிறது, பின்னால் வெள்வேல மரம். கொரங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலம், இன்னும் வைத்திருக்கிறார் என்றால் கோடையில் கொழுக்கட்டைப் புல்லுக்கும் காசு கொடுத்திருக்க மாட்டார். தீவனச் செலவில் அதைக் கழித்தீர்களா?

ஆகஸ்ட் 3

அந்தியூர் குருநாதசாமி கோயில் தேருக்கும் அங்கே கூடும் மாட்டுச் சந்தைக்கும் லீவு சொல்லிவிட்டேன். நண்பரும் மாமனாரோடு வருகிறாராம். குதிரைகள் கட்டுகிற பக்கம் கூட்டம் நெரியும், அதைத் தாண்டி மாடுகள் கட்டுகிற வரிசைக்கு வாருங்கள். மலையிலிருந்து செம்மறைகள் இந்த வருடம் எத்தனை இறங்கியிருக்கின்றன என்று முதலில் எண்ணப் போகிறேன். எண்ணிக்கையை வந்து இங்கே எழுதுகிறேன். அம்மா மூக்கணாங்கயிறு இரண்டும் ஒரு சலங்கையும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கர்கேகண்டி வழியாகத்தான் போகிறேன்.